வேடியப்பன் பக்கத்தில் நான்

கிருஷ்ணகிரி,
ஞாயிறு இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதத்துக்குப் பதில் போடுவதற்குள் மாங்காய் சீசனே முடிந்துவிட்டது. திட்டுவதானால் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். கோபால் பேத்திக்குக் காது குத்தினான். பந்தியில் பென்னாகரம் பஸ் கதையை மறுபடியும் ஆரம்பித்தான், நீ தப்பித்தாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் அனுப்பிய நடுகல் படங்களைப் பார்த்துவிட்டு, "கல்லைக் காட்டுடான்னா உன் மூஞ்சியைக் காட்டுறியே" என்று போனில் சிரித்தாயே, அது பொறுக்கவில்லை. மூஞ்சிக்காக நிற்கவில்லை ஐயா, அளவுக்காக நிற்கிறேன். நடுகல்லை, அதான் இங்கே வேடியப்பன் என்று கும்பிடும் வீரன் கல்லை, தனியாக எடுத்தால் அது முழங்கால் உயரமா, ஆள் உயரமா என்று படத்தில் தெரியாது. பலகைக்கற்களை நிறுத்திக் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்கள், மல்லசந்திரம் கற்திட்டைகள், அவையும் அப்படித்தான். பக்கத்தில் நான் நின்றால், என் 5 அடி 8 அங்குலத்தை வைத்துப் பலகைக்கல் எவ்வளவு என்று சொல்லிவிடலாம். வேறு ஆளை நிறுத்தலாம்தான். இந்த வெயிலில் யார் வருகிறார்கள்?

அதனால்தான் கேமராவில் டைமர், பட்டனை அமுக்கிக் கொஞ்சம் கழித்துத் தானாகப் படம் எடுக்கும். 10 நொடி நிறையத்தான் என்று தோன்றும், பாறை மேல் செருப்போடு ஓடிப் பார். ஃபோகஸ் இன்னொரு தொல்லை. பட்டனை அமுக்கும்போதே கேமரா அதைப் பிடித்துக்கொள்ளும். கல் ஓரத்தில் இருந்தால் நடுவில் தெரியும் மலை பளிச்சென்று விழும், கல்லும் நானும் மங்கல். முதலில் கல்லுக்கு ஃபோகஸ் வைத்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டு ஓட வேண்டும். கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரையும் மூடிவிட வேண்டும். நாம் கண் வைக்காதபோது பின்பக்க வெளிச்சம் அது வழியாகப் புகுந்து வெளிச்சம் அளக்கும் மீட்டரை ஏமாற்றும், படம் கருத்துவிடும். கேமரா வாரில் ஒரு ரப்பர் துண்டு தொங்குமே, அது அதற்குத்தான்.

ஓட முடியாமல் ரிமோட் ஒன்றும் வாங்கினேன். இன்ஃப்ராரெட், டிவி ரிமோட் போலத்தான். கேமராவின் முன்பக்கம் பார்த்து நீட்டினால்தான் கேட்கும், உச்சி வெயிலில் அதுவும் கேட்காது. நான் கையை நீட்டிக்கொண்டு நிற்கும் படத்தைப் பார்த்து வாத்தியார், "வேடியப்பனுக்குச் சேனல் மாத்துறியாப்பா?" என்றார். இப்போது 2 நொடி தாமதம் வைத்துவிட்டேன், கையை இறக்க நேரம் கிடைக்கிறது.

அந்த 2 நொடிதான் எழுத்துக்கும் உதவுகிறது. எண்ணெயும் குங்குமமும் ஏறிய கல்லில் வட்டெழுத்து, அந்தப் பழைய தமிழ் எழுத்து, நேர் வெயிலில் தெரியாது. சாக்பீஸ் பூசக் கூடாது, ஊர்க்காரர்கள் கும்பிடுகிற சாமி. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்து தானே எழும்பி வருகிறது. வெளிச்சம் குறைவு, ஷட்டர் மெதுவாக ஓடும், விரல் பட்டாலே அலுங்கிவிடும். அமுக்கிவிட்டுக் கையை எடுத்துவிடுகிறேன்.

ராயக்கோட்டைப் பக்கம் வரப்போரத்தில் ஒரு புலிக்குத்திக் கல், புலியோடு சண்டை போட்டுச் செத்த வீரனுக்கு வைத்த நடுகல், இருந்ததே, மீசைக்காரன் என்று நீ பேர் வைத்தது. போன மாதம் போனேன். நிலத்தைச் சமன்படுத்தியிருக்கிறார்கள், கல்லைக் காணோம். கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுகிறார்கள். எங்கேயாவது கிடைத்தால் அதுதானா என்று பார்க்க என்னிடம் ஒரு படம் இருக்கிறது. அதில் கல் என் இடுப்புக்கு வருகிறது. மூஞ்சியும் இருக்கிறது, சிரித்துக்கொள்.

அப்புறம், உன் பரணில் கிடக்கும் பழைய ட்ரைபாடைக் கோபால் கோயம்புத்தூர் வரும்போது கொடுத்தனுப்பு. என்னுடையது காற்றுக்கே ஆடுகிறது. நீயே எடுத்துக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. நீ குட்டை, கல் பெரிதாகத் தெரியும்.

உன்,
முருகேசன்