சாலைக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள செல்வம்,

பொங்கலுக்குப் பேசியதோடு சரி, எட்டு மாதம் ஓடிவிட்டது. நான்கைந்து முறை போனைக் கையில் எடுத்தேன். இது போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பர் எனக்கு முன்பே அவர் கைக்குப் போய்விடுகிறது.

மகள் நம் ஏ.சி. டெக்கில், அதுதான் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில், தோல் தொழில்நுட்பம் எடுத்தபோது முதலில் வாழ்த்தியவன் நீதான். வீட்டில் நடந்த ரகளையை அன்று நான் உன்னிடம் சொல்லவில்லை. "கம்ப்யூட்டர் கிடைக்கிற மார்க்கை வைத்துக்கொண்டு தோல் பதனிடப் போகிறாளா?" என்றார் மைத்துனர். அந்தப் பிழைப்பு நமக்கு ஆகுமா என்றார் பெரியம்மா. சாப்பாட்டின் நடுவில் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுவாரமே மைத்துனரைக் கூட்டிப்போய் சர்தார் படேல் சாலையில் நிறுத்தினேன். இந்தப் பக்கம் 1944-இல் அழகப்பச் செட்டியார் கொடையில் எழுந்த நம் கல்லூரி. அதன் பக்கத்திலேயே, 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரி. எதிரே 1948-இல் வந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். அந்தப் பக்கமே, கிண்டிக் காட்டில் இடம் எடுத்து 1959-இல் தொடங்கிய ஐ.ஐ.டி. "சாலையைக் கடந்தால் ஆராய்ச்சிக்கூடத்திலேயே வகுப்பு, விஞ்ஞானிகளே வாத்தியார்கள். இப்படிப் படிக்க எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது?" என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கவில்லை.

இத்தனை அருகில் இருந்தும் ஐ.ஐ.டி.க்குள் நாம் எத்தனை முறை போயிருப்போம், சொல். மதில் மதிலாகவே இருந்தது. தோல் படித்த உங்கள் வகுப்புக்கு மட்டும் அந்தச் சாலை குறுக்கே நிற்கவில்லை. அதன் அருமை டெக்ஸ்டைல் படித்த எனக்கு அன்று உறைக்கவில்லை.

சென்ற வியாழன் அவள் பையிலிருந்து இரண்டு துண்டுத் தோலை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளங்கை அகலம்தான். ஒன்று குரோமியத்தில் பதனிட்டது. ஈரம் காயாத வெளிர்நீலம். மற்றது ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டது, வெளிர்பழுப்பு. "தொட்டுப் பாருங்கள் அப்பா, இரண்டும் ஒரே ஆட்டின் தோல்" என்றாள். முகர்ந்தேன். விடுதியில் உன் சட்டையில் வந்த அதே வாசனை.

அந்த வாசனைக்காக உன்னை என்ன பாடு படுத்தினோம்! கட்டிலை வராந்தாவுக்குத் தள்ளினோம்; மெஸ்ஸில் தள்ளி உட்காரச் சொன்னோம்; அந்தப் பட்டப்பெயர் வேறு. நீயும் சிரித்தாய், அதனால் விளையாட்டு என்றே நினைத்துக்கொண்டோம். 1985-இல் கனிஷ்கா விமானம் கடலில் விழுந்து நாயுடம்மா போய்விட்டார் என்று செய்தி வந்த அன்று நீ சாப்பிடாமல் படுத்துக் கிடந்தாய். யார் அவர் என்று கேட்டேன் நான். எதிர்ப்பக்கம் இருந்த அந்த நிறுவனத்தை வளர்த்து ஆளாக்கியவரை எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

என் மகளை யாராவது அப்படித் தள்ளி உட்காரச் சொன்னால் எனக்குத் தாங்காது. நாற்பது வருடம் கழித்துக் கேட்கிறேன் செல்வம், மன்னித்துக்கொள்.

இன்னொன்று. பதனிடும் தொழிற்சாலை ஒன்றைச் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து கழிவுநீர் சுத்திகரிப்பு வரை முழுதாகப் பார்க்க வேண்டும் என்கிறாள். தோல் கழிவால் கெட்ட பாலாற்றைப் பற்றி அவள் கேட்பதற்கெல்லாம் என்னிடம் பதில் இல்லை. நீ மழுப்பாமல் சொல்வாய். டிசம்பர் விடுமுறையில் ஏலகிரி எக்ஸ்பிரஸில் வாணியம்பாடி வருகிறோம். இரண்டு நாள் தங்குவோம் என்று தங்கையிடம் சொல்லிவை.

அன்புடன்,
ரவி