வக்கீல் இல்லாமல் ஒரு விசாரணை

மேரிலாந்து

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை அறிந்து மனம் நிம்மதியடைந்தது. பதவி உயர்வு தராமல் பாகுபாடு காட்டியதாக என் அலுவலகத்தின் மேல் நான் கொடுத்த புகாரை, வக்கீல் வைக்காமல் நடத்த எப்படித் துணிந்தாய் என்று கேட்டிருந்தாய். உன் பெரியப்பா மகனும் இங்கே அமெரிக்க மத்திய அரசு வேலையில் இதே சிக்கலில் இருப்பதாக எழுதியிருப்பதால், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் காரணம் பணம். நான் விசாரித்த வக்கீல் கேட்ட முன்பணத்தைப் புரட்ட என்னால் முடியவில்லை. வழக்கில் வென்றால் வக்கீல் கட்டணத்தை அலுவலகமே தரவேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அதுவரை நம் கையிலிருந்துதான் போகவேண்டும். புகார் கொடுத்தவர் தானே வாதாடலாம், தனக்குப் பிடித்த யாரையும் பிரதிநிதியாக வைத்துக்கொள்ளலாம் என்று விதி இடம் தருகிறது. வேலை நேரத்திலேயே நியாயமான அளவுக்குத் தயாரிக்கவும் அனுமதி உண்டு.

1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம் வேலையில் பாகுபாட்டுக்கு விதித்த தடை 1972இல்தான் மத்திய அரசு ஊழியர்களுக்கும் வந்தது. ஆனால் நேராக நீதிமன்றத்துக்குப் போக முடியாது. சம்பவம் நடந்த 45 நாட்களுக்குள் பாகுபாட்டுப் புகார்களை முதலில் கேட்கும், அலுவலகத்தின் சமவாய்ப்பு ஆலோசகரிடம் போயாக வேண்டும். அங்கே தீராவிட்டால் 15 நாட்களுக்குள் முறையான புகார். அதன்பின் நடந்ததை ஆராயும் புலன்விசாரணைக்கு 180 நாட்கள். எனக்கு இன்றும் ஆறாத விஷயம், குற்றம் சாட்டப்பட்ட அலுவலகமே அந்தப் புலன்விசாரணைக்கு ஆள் அமர்த்துகிறது என்பதுதான். அதனால்தான் முடிவை அவர்களிடமே விடாமல், புலன்விசாரணை அறிக்கை கைக்கு வந்ததும் சம வேலைவாய்ப்பு ஆணையத்தின் நிர்வாக நீதிபதி முன் விசாரணை கேட்டேன். அதற்கும் 30 நாள் கெடு இருக்கிறது.

உண்மையான போராட்டம் விசாரணை நாளில் இல்லை, மீனா. அதற்கு முன்பே காகிதத்தில் நடந்துவிடுகிறது. 'இதில் சாட்சிகளை விசாரிக்க எதுவுமே இல்லை' என்று அலுவலக வக்கீல் மனுப் போடுவார். எத்தனையோ வழக்குகள் அங்கேயே முடிந்துபோகின்றன. அதை முறியடிக்க, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்க எண்ணோடு ஆதாரம் காட்டவேண்டும். அந்த ஆதாரத்தை, எதிர்த்தரப்பிடமிருந்து ஆவணம் கேட்டுப் பெறும் கட்டத்திலேயே திரட்டிவிட வேண்டும். நான் நேர்முகத் தேர்வுக் குழுவின் கையால் எழுதிய மதிப்பெண் தாள்களைக் கேட்டேன். ஒரு தாளில் என் பெயருக்கு நேரே போட்ட எண் அடிக்கப்பட்டு, அருகில் வேறு மையில் அதைவிடக் குறைந்த எண் இருந்தது. பதவி உயர்வு பெற்றவரின் வரிசையில் ஒரு திருத்தமும் இல்லை.

1973இல் மெக்டானல் டக்ளஸ் என்ற பாகுபாட்டு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த முறையைத்தான் இங்கும் பின்பற்றுகிறார்கள். பாகுபாடு நடந்திருக்கலாம் என்று நம்ப நான் முகாந்திரம் காட்டவேண்டும், அலுவலகம் ஒரு நியாயமான காரணம் சொல்லவேண்டும், அது சாக்கு என்று நான் நிரூபிக்க வேண்டும். பிரமாண வாக்குமூலத்தில் மேலதிகாரி, எனக்கு நிர்வாக அனுபவம் போதாது என்றார். விசாரணையில், நேர்முகத் தேர்வில் நான் தெளிவாகப் பேசவில்லை என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்கம் சொல்ல அவருக்கு வழி கிடைத்திருக்கும். வாக்குமூலத்தின் அந்த வரியைப் படிக்கச் சொன்னேன். 'இதில் நேர்முகத் தேர்வைப் பற்றி ஒரு சொல்லாவது இருக்கிறதா?' என்றேன். 'இல்லை' என்றார். உடனே அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

என் சாட்சியத்தின்போது கேள்விகளை நீதிபதியே கேட்டார். பொறுமையான மனிதர்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. மன உளைச்சலுக்கான இழப்பீட்டுக்குச் சட்டம் 3,00,000 டாலர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. எனக்கு வேண்டியது அந்தப் பதவியும் அதற்குரிய நிலுவைச் சம்பளமும்தான். பாதகமாக வந்தால் மேல்முறையீடு செய்வேன்.

உன் அண்ணனிடம் முதலில் தேதியைக் கேள். 45 நாட்கள் தாண்டவில்லையென்றால் இந்த வாரமே ஆலோசகருக்கு எழுதச் சொல். மின்னஞ்சல்களையெல்லாம் தேதிவாரியாக அடுக்கி வைக்கட்டும். என் தொலைபேசி எண்ணை அவரிடம் கொடு. சனிக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பேன், எவ்வளவு நேரமானாலும் பேசலாம்.

அன்புடன்,
கல்யாணி