விற்க வேண்டாம், கொண்டு வா

கும்பகோணம்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மகளுக்கு,

உன் அம்மாவுக்கு வந்திருப்பது அல்சைமர் என்று மருத்துவர் உறுதிப்படுத்தியதை உனக்குத் தெரிவித்த மறுநாளே, இசைக்குழுவிலிருந்து விலகிக்கொண்டு, பேஸ் கிதாரையும் ஆம்ப்ளிஃபையரையும் பெர்லினிலேயே விற்றுவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். நீ வருவது அவளுக்கும் எனக்கும் எத்தனை பெரிய ஆறுதல் என்பதை நான் மறைக்க மாட்டேன். விற்பதைப் பற்றித்தான் உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது.

கல்லூரி நாட்களில் நீ அறைச் சுவரில் ஒட்டிய, ராக் குழுக்களில் பாடி பேஸ் வாசித்த கிம் டீலின் படம் இன்னும் அங்கேயே இருக்கிறது. நீ விட்டுச் சென்ற சிடிக்களை இந்த இரண்டு மாதங்களாக, உன் அம்மா உறங்கிய பிறகு, ஒவ்வொன்றாகக் கேட்டேன். அந்தப் பெண்ணின் வாழ்க்கையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்தும், உன் சுவரில் இருப்பவர் யார் என்று ஒரு நாளும் உன்னைக் கேட்காமல் இருந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதைதான். நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து டேட்டனில் 1961ஆம் ஆண்டு இரட்டையர்களில் ஒருவராகப் பிறந்து, சகோதரி கெல்லியுடன் லாரி ஓட்டுநர்கள் தங்கிச் செல்லும் இடங்களில் பாடிப் பழகியவர், திருமணமாகி பாஸ்டன் நகரத்துக்குக் குடிபோன சில நாட்களில் பத்திரிகையில் ஒரு விளம்பரத்தைப் பார்க்கிறார். ஹஸ்கர் டூ என்ற இரைச்சல்மிக்க குழுவையும், பீட்டர், பால் அண்ட் மேரி என்ற மென்மையான நாட்டுப்பாடல் குழுவையும் சேர்த்து ரசிக்கும் பேஸ் கலைஞர் தேவை என்பது அந்த விளம்பரம். அதற்குப் பதில் அளித்தவர் கிம் டீல் ஒருவர் மட்டுமே. அவரிடம் பேஸ் கிதாரே கிடையாது. அதுவரை அதை வாசித்ததும் இல்லை. கெல்லியிடம் இரவல் வாங்கிய பேஸுடன்தான் 1986இல் பிக்ஸிஸ் என்ற அந்த ராக் குழுவுக்குள் நுழைந்தார். அப்போது அவருக்கு வயது 24. ‘மற்றவர்கள் முறையாகப் பயின்றவர்கள், நான் தாமதமாகத் தொட்டவள்’ என்று நீ தொலைபேசியில் குறைபட்டுக்கொண்டபோது இந்தக் கதை எனக்குத் தெரிந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

முதல் இரண்டு வெளியீடுகளின் அட்டையிலும் அவர் பெயர் ‘திருமதி ஜான் மர்ஃபி’ என்றே இருக்கிறது. பெண் தன் பெயரை இழந்து கணவர் பெயரால் அழைக்கப்படுவதைக் குத்திக்காட்டவே அப்படிப் போட்டுக்கொண்டாராம். 1989இல் வந்த ‘டூலிட்டில்’ ஆல்பத்தில் கிம் டீல் என்ற சொந்தப் பெயர் வந்துவிடுகிறது.

அதற்கு முந்தைய ‘சர்ஃபர் ரோசா’வை நான் பலமுறை கேட்டுவிட்டேன். ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி, எந்திரத்தால் உண்டாக்கும் எதிரொலி வேண்டாம் என்று, கிம் டீல் பாடும் பகுதிகளைப் பதிவுக்கூடத்தின் குளியலறையில் வைத்துப் பதிவு செய்தாராம். ‘ஜைகான்டிக்’ பாட்டில் முதலில் பேஸ் மட்டும் தனியாக நடந்து வருகிறது. நிதானமாக, ஒரே அளவில் அடியெடுத்து வைக்கும் அந்தச் சில சுரங்களுக்குப் பின்னால்தான் அவருடைய குரல் வருகிறது. கிதாரின் பேரிரைச்சல் அதற்கும் பிறகுதான். திருவிழா நாகஸ்வரக் கச்சேரிகளில் ஒத்து ஊதுகிறவரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை; ‘ஒத்து ஊதுவது’ என்பதை ஒரு வசையாகவே ஆக்கிவிட்டோம். அடியில் தாழ்ந்த சுரங்களில் ஒலிக்கும் பேஸும் அப்படி ஒரு வேலை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒத்து ஓர் இடத்தில் நின்று சுருதியைக் காக்கிறது, பேஸ் பாட்டைச் சுமந்துகொண்டு நடக்கிறது என்ற வேறுபாடு இந்த ஒரு பாட்டைக் கேட்டபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

பிக்ஸிஸில் தம் பாடல்களுக்கு இடம் குறைவாக இருந்ததால், அவர் பிரீடர்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார். 1993இல் பிக்ஸிஸ் கலைந்த அதே ஆண்டில் ‘லாஸ்ட் ஸ்பிளாஷ்’ வந்து, அமெரிக்காவில் பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அதிலுள்ள ‘கேனன்பால்’ பாட்டின் புகழ்பெற்ற பேஸ் தொடக்கம் கிம் டீல் வாசித்ததல்ல, ஜோசஃபின் விக்ஸ் வாசித்தது. ஒத்திகையில் அவர் தவறான சுரத்தில் தொடங்கிப் பிறகு திருத்திக்கொண்டதைக் கேட்டுப் பிடித்துப்போய், அந்தப் பிழையை அப்படியே வைத்துக்கொண்டார்கள். தாமே பேஸ் வாசிப்பவராக இருந்தும், இன்னொரு பெண்ணின் பேஸ் முன்னால் ஒலிக்க இடம் கொடுத்தவர் என்பதற்காக எனக்குக் கிம் டீல் மீது மதிப்புக் கூடியது.

பிறகு வந்த ஆண்டுகள் கடினமானவை. கெல்லி போதைப்பொருள் வழக்கில் கைதானார், குழு முடங்கியது, கிம் டீலும் குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீள 2002 வரை ஆயிற்று. 2004இல் பிக்ஸிஸ் மீண்டும் கூடி உலகெங்கும் வாசித்தார்கள். 2013இல் அவர் அதிலிருந்தும் விலகினார்.

நான் சொல்ல வந்த இடம் இதுதான். அவருடைய தாய்க்கும் அல்சைமர் வந்தது. கிம் டீல் டேட்டனுக்கே திரும்பிப் பெற்றோருடன் இருந்து பார்த்துக்கொண்டார். ஒரு நாள் வீட்டு நடையில் எதிர்ப்பட்ட தாய், மகளை நிறுத்தி, ‘நீ என்னுடையவளா?’ என்று கேட்டாராம். அந்தக் கேள்வியையே தலைப்பாக வைத்து அவர் ஒரு பாட்டு எழுதி, 2013இல் தாமே வெளியிட்டார்.

அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அம்மா. பொங்கலன்று நீ வீடியோவில் பேசி முடித்த பிறகு, உன் அம்மா கைப்பேசியைத் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு, “ரொம்ப நல்ல பொண்ணா இருக்கு, நம்ம வீட்டுப் பொண்ணுதானே?” என்று மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் முகம் மலர்ந்து, உனக்குப் பிடிக்கும் என்று எடுத்துவைத்த முறுக்கை டப்பாவில் போட்டு மூடினாள். உன்னிடம் இதைச் சொல்லும் துணிவு இன்றுவரை எனக்கு வரவில்லை.

வீட்டில் இருந்தபடியே கிம் டீல் எல்லாவற்றையும் செய்துவிட்டார் என்று நான் சொல்லவில்லை. 2008இல் வந்த பிரீடர்ஸ் ஆல்பத்துக்கு அடுத்தது 2018இல்தான் வந்தது. அந்த இடைவெளிக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் இசைக்கருவிகள் அவர் வீட்டின் நிலவறையிலேயே இருந்தன, ஒத்திகைகள் அங்கேதான் நடந்தன. பெற்றோர் இருவரும் மறைந்த பின், 2024 நவம்பரில், தம் 63ஆம் வயதில், சொந்தப் பெயரில் முதல் தனி ஆல்பத்தை வெளியிட்டார். தாயின் கேள்வியிலிருந்து பிறந்த அந்தப் பாட்டும் அதில் இருக்கிறது.

குழுவினரிடம் விலகுகிறேன் என்று சொல்லிவிடாதே. சில காலம் ஊரில் இருக்கப் போகிறேன் என்று மட்டும் சொல். விமானத்தில் கிதாருக்குத் தனியாகக் கட்டணம் கேட்டால் நான் அனுப்புகிறேன். மாடி அறையில் பழைய நெல் குதிர் ஒன்று இருந்தது, அதை அப்புறப்படுத்திவிட்டேன். ஆம்ப்ளிஃபையருக்குத் தோதாகப் பெரிய பிளக் பாயின்ட் வைக்க, வியாழக்கிழமை எலக்ட்ரீஷியனை வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உன் அப்பா.