காதுக்கு எட்டாத ஒலியையும் அளக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நொடிக்கு 20 அதிர்வுக்கு (20 ஹெர்ட்ஸ்) கீழே போகும் ஒலி நம் காதில் விழாது. யானைகள் அந்த ஒலியில்தான் கிலோமீட்டர் கணக்கில் தள்ளி நிற்கும் கூட்டத்தோடு பேசிக்கொள்கின்றன. இங்கே அல்சூரில், பக்கத்துக் கட்டட ஜெனரேட்டர் ஓடினால் சத்தம் பெரிதாகக் கேட்பதில்லை. ஆனால் ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது, அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கின்றன, அம்மாவுக்குத் தூக்கமே இல்லை. அளக்க வந்தவர்கள் ‘வரம்புக்குள்தான் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

குடியிருப்புகளுக்கு இரவு வரம்பு 45 டெசிபல். ஆனால் அது ‘ஏ’ அளவுகோல்; நம் காதுக்குக் கேட்கும் விதத்துக்கு ஏற்ப, தாழ்ந்த ஒலியைக் குறைத்துக் காட்டுவது. 20 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 50 டெசிபலைக் கழித்துவிடும். அப்புறம் மீட்டரில் என்ன தெரியும்? தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் கழிக்காத ‘சி’ அளவுகோலிலும் அளக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உடனே உத்தரவிட வேண்டும்.

— ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு