மல்லிகாவுக்கு ஒரு கடிதம்

ஹூஸ்டன்
அக்டோபர் 2025

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறாள். 26 வயது வரை என் ஆபீஸ் இன்சூரன்ஸிலேயே இருக்கலாம் என்பதால், அவசரப்படாமல் பார் என்று சொல்லியிருக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து உங்கள் பம்புகள் டெக்ஸாஸுக்கு வரப்போகின்றன, இங்கே நாலு பேரை வைத்து ஆபீஸும் திறக்கப்போகிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம்! ஆனால் நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என் மனதை விட்டுப் போகவே இல்லை. "நாலு பேர்தானே, மெடிக்கல் இன்சூரன்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து அப்படித் தள்ளிப்போடாதே. இங்கே எச்.ஆர். வேலையில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: சம்பளத்தை முடிவு செய்கிற அன்றே இதையும் முடிவு செய்துவிடு.

சட்டப்படி உனக்குக் கட்டாயம் இல்லை என்பது உண்மை. வாரத்துக்கு 30 மணி நேரமாவது வேலை செய்பவர் முழுநேர ஊழியர். பகுதிநேர ஊழியர்களின் நேரத்தையும் கூட்டிக் கணக்கிட்டு அப்படி 50 பேர் இருந்தால்தான் முதலாளி இன்சூரன்ஸ் கொடுத்தாக வேண்டும். கோவைத் தொழிற்சாலையில் இருப்பவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஆனால் நீ எடுக்கப்போகும் சேல்ஸ் இன்ஜினியர் சம்பளத்தைக் கேட்ட கையோடு இன்சூரன்ஸைப் பற்றித்தான் கேட்பார். 1942-இல் போர்க்காலத்தில் சம்பள உயர்வுக்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டபோது, ஆளைப் பிடிக்க கம்பெனிகள் இன்சூரன்ஸைப் பரவலாகக் கொடுக்க ஆரம்பித்தன. அதற்கு வரி கிடையாது என்று 1954-இல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த நாட்டில் 65 வயதுக்குக் கீழே இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு வைத்தியம் வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது.

செலவைக் கேட்டால் உனக்குத் திக்கென்று இருக்கும். கேஎஃப்எஃப் என்ற அமைப்பு 2024-இல் எடுத்த கணக்குப்படி, ஒரு குடும்பத்துக்கு ஆண்டு பிரீமியம் சராசரியாக 25,572 டாலர். அதில் ஊழியர் கட்டுவது 6,296 டாலர், மீதி முதலாளியுடையது. தனி ஆளுக்கு 8,951 டாலர். இவ்வளவு கட்டிய பிறகும் எல்லாம் இலவசம் ஆகிவிடாது. டிடக்டிபிள் என்று ஒரு தொகை வரை ஊழியரே செலவழிக்க வேண்டும், அதற்கு மேல் ஒரு பங்கு. இப்படி ஊழியர் கையிலிருந்து போவதற்கு 2025-ஆம் ஆண்டுக்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு தனி ஆளுக்கு 9,200 டாலர், அதுவும் நெட்வொர்க்கில், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகளின் பட்டியலில், இருக்கும் ஆஸ்பத்திரி என்றால்தான். உங்கள் பாலிசியில் ஊழியரின் அப்பா அம்மாவையும் சேர்த்திருக்கிறாய் அல்லவா? இங்கே பொதுவாக அது நடக்காது. கணவன் மனைவியும் பிள்ளைகளும்தான்.

சின்ன கம்பெனிகள் பல, ஊழியருக்கு மட்டும் பிரீமியத்தில் நல்ல பங்கைக் கொடுத்துவிட்டு, குடும்பத்துக்கு ஆகும் செலவை அவர் தலையிலேயே கட்டிவிடுகின்றன. இரண்டு குழந்தைகள் இருப்பவர் அப்படிப்பட்ட வேலையில் நிலைக்க மாட்டார், நிலைத்தாலும் கவலையோடுதான் இருப்பார். நீ அப்படிச் செய்யக்கூடாது என்பது என் ஆசை. லாபம் வரும் வரைக்கும் குடும்பத்துக்கு ஆகும் பிரீமியத்தில் பாதியாவது கொடு.

"நீயே ஒரு பாலிசி வாங்கிக்கொள், ரசீதைக் கொடு, பணம் தருகிறேன்" என்று சொல்லிவிடாதே. முறைப்படி திட்டம் போடாமல் அப்படித் திருப்பிக் கொடுத்தால் ஒரு ஊழியருக்கு ஒரு நாளைக்கு 100 டாலர் வரை வரி விதிக்க இடம் இருக்கிறது. அதையே சட்டப்படி செய்ய ஐசிஎச்ஆர்ஏ என்று ஒரு வழி 2020 முதல் இருக்கிறது. கோவையிலிருந்து எல்-1 என்ற கம்பெனி இடமாற்ற விசாவில் அனுப்பப்போகும் இரண்டு பையன்களையும் டிராவல் இன்சூரன்ஸோடு விமானம் ஏற்றிவிடாதே. பிரசவமோ, ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை வியாதியோ என்றால் அது பெரும்பாலும் கைவிட்டுவிடும். அவர்களையும் இங்குள்ள ஊழியர்களோடு ஒரே பாலிசியில் சேர்.

ஒருவர் ஹூஸ்டனிலும் இன்னொருவர் ஒஹாயோவிலும் இருக்கப்போவதால் டெக்ஸாஸுக்குள் மட்டும் செல்லும் எச்எம்ஓ வகைத் திட்டம் வேண்டாம், நாடு முழுக்க நெட்வொர்க் உள்ள பிபிஓ வகைத் திட்டம் கேள். பிஇஓ என்ற நிறுவனங்களையும் விசாரித்துப் பார். பல சின்ன கம்பெனிகளின் ஆட்களைத் திரட்டிப் பெரிய குழுவாக இன்சூரன்ஸ் எடுப்பார்கள், சம்பளக் கணக்கையும் பார்த்துக்கொள்வார்கள். தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு, ஆனாலும் முதல் இரண்டு வருஷத்துக்கு உனக்கு அதுதான் தோது என்று நினைக்கிறேன்.

பிஇஓ இல்லாமல் நீயே நேரடியாக எடுப்பதானால், இத்தனை பேர் சேர வேண்டும், முதலாளி இவ்வளவு கட்ட வேண்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் நிபந்தனை போடும். ஆண்டுதோறும் நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை விண்ணப்பிக்கும் சின்ன கம்பெனிகளுக்கு அந்த நிபந்தனைகள் கிடையாது. ஜனவரியில் பாலிசி தொடங்கிவிடும். ஊழியர்களின் உடல்நிலையைக் காரணம் காட்டி மறுக்கவும் முடியாது. ப்ரோக்கருக்கு நீ தனியாகப் பணம் தர வேண்டியதில்லை, கமிஷனை இன்சூரன்ஸ் கம்பெனியே கொடுத்துவிடும்.

எனக்குத் தெரிந்த நல்ல ப்ரோக்கர் ஒருவர் இருக்கிறார். நாலு பேருடைய வயது, குடும்பத்தில் யார் யார், எந்த ஜிப் கோடு என்று மட்டும் எழுதி அனுப்பு. விலை சொல்ல அவருக்கு அது போதும். நவம்பர் முதல் வாரத்துக்குள் அனுப்பிவிடு. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சாந்தி