தோழி வெறும் தூதுக்காரியா?

அன்புள்ள தங்கச்சிக்கு,

செமினார் கட்டுரை வந்தது, படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். ஆனால் சங்கப் பாட்டுத் தோழியை ‘இருவருக்கும் நடுவே சேதி கொண்டுபோகிறவள்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டாயே, அங்கேதான் எனக்கு வழக்கு.

குறுந்தொகை 18ஐ எடு. கபிலர் பாட்டு. ராத்திரி வந்துவிட்டுத் திரும்பும் தலைவனைத் தோழி மடக்குகிறாள். ‘வேரல் வேலி வேர்க்கோட் பலவின் சாரல் நாட’ என்று ஆரம்பம். அவன் ஊர்ப் பலா வேரிலேயே காய்க்கிறது, சுற்றி மூங்கில் வேலி வேறு. வண்டிப்பெரியாற்றில் வளர்ந்த உனக்குத் தெரியாததா? அடியில் காய்த்த பழம் தரையிலேயே உட்கார்ந்திருக்கும், விழுமோ என்ற கவலை இல்லை. மேலே மெல்லிய கொம்பில் தொங்குகிறதே, அதுதான் வயிற்றைக் கலக்கும். தலைவியின் உயிர் அந்தக் கொம்பு, அவள் காதல் அந்தப் பழம் என்கிறாள்: ‘சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கியாங்கு, இவள் உயிர் தவச் சிறிது, காமமோ பெரிதே.’ உன் பழத்துக்கு வேலி இருக்கிறது, இவளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்காமல் கேட்கிறாள். கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை, ஆனால் சீக்கிரம் வந்து கட்டிக்கொள் என்பது போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதைத் தலைவி சொல்லி அனுப்பியதாகப் பாட்டில் ஒரு சொல்கூட இல்லை. போஸ்ட்மேன் இப்படிப் பேசுவாரா?

அப்புறம், தோழி செவிலியின் (தலைவியை வளர்த்த தாயின்) மகள் என்று தொல்காப்பியம் சொல்வதை அடிக்குறிப்பில் தள்ளியிருக்கிறாய். மேலே கொண்டு வா. குறிஞ்சிப்பாட்டின் 261 அடியும் தோழி அறத்தொடு நின்று, அதாவது தலைவியின் காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்தி, செவிலியிடம் பேசுவது. அப்படியானால் தன்னைப் பெற்ற தாயிடமே உண்மையை உடைக்கிறாள்! அந்தப் பாட்டில் வரும் 99 பூவை எல்லாரும் எண்ணுவார்கள், இருக்கட்டும். கடைசிப் பகுதியைப் பார். ‘காவலர் கடுகினும், கதநாய் குரைப்பினும், நீ துயில் எழினும், நிலவு வெளிப்படினும்’ தலைவன் கோபித்துக்கொண்டதில்லையாம். நாய்க்கும் நிலவுக்கும் நடுவே அம்மாவையும் சொருகிவிட்டாள் பார்த்தாயா? ராத்திரி ராத்திரியாக வந்தான் என்பதும் வெளியே வந்துவிட்டது, பையன் தங்கமானவன் என்பதும் சொல்லியாகிவிட்டது. என்ன துணிச்சல்!

இடம் இருந்தால் ஔவையாரின் ‘அகவன் மகளே’யையும் சேர் (குறுந்தொகை 23). குறிபார்க்க வந்தவளிடம் ‘அவர் நன்னெடுங் குன்றம்’ பாடிய பாட்டை இன்னும் பாடு என்கிறாள் தோழி. யார் அந்த ‘அவர்’ என்று வீட்டில் கேட்கவேண்டும், அதுதான் அவள் கணக்கு.

சரி, திருத்தி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு, உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா