அது போக்கர் இல்லை, மூணு சீட்டு

ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் தாதா காமெடிப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், கை ரிச்சியின் ‘லாக், ஸ்டாக் அண்ட் டூ ஸ்மோக்கிங் பேரல்ஸ்’ (1998) படத்தின் நாயகன் எடி, போக்கர் சீட்டாட்டம் ஆடித் தோற்பதாக இருந்தது. அவன் ஆடுவது திரீ கார்டு பிராக். நம் ஊரில் மூணு சீட்டு, தீன் பத்தி என்று ஆடுகிறார்களே, அதற்கு மூதாதை. பெயரில்தானே பிழை என்று விட முடியாது. போக்கர் என்று நினைத்துப் பார்த்தால், 1 லட்சம் பவுண்டோடு உட்கார்ந்தவன் எப்படி 5 லட்சம் கடனோடு எழுந்தான் என்பதே விளங்காது.

போக்கரில் எல்லோரும் பந்தயத்தைச் சமன் செய்ததும் அந்தச் சுற்று முடிந்துவிடும். பிராக்கில் சமன் என்ற பேச்சே இல்லை. முறை வரும்போதெல்லாம் முன்னவர் வைத்த தொகையை முழுசாக வைக்க வேண்டும். ஏற்கெனவே போட்டதில் கழிவு கிடையாது. முடியாவிட்டால் சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். இரண்டே பேர் மிஞ்சும்வரை ‘ஷோ’ (சீட்டைத் திறந்து காட்டச் சொல்வது) கேட்க வழியில்லை. கேட்பவர் இருமடங்கு வைக்க வேண்டும்: எதிராளி 20 என்றால் இவர் 40. சீட்டைப் பார்க்காமல் பிளைண்டாக ஆடுபவருக்குப் பாதிப் பந்தயம் போதும். பார்த்து ஆடுபவர் அவரிடம் ஷோவும் கேட்க முடியாது. ஆக, படத்தில் வரும் மேஜையில் கைப்பணம் தீர்ந்தவன் போட்டதை விட்டுவிட்டு எழ வேண்டும், இல்லை கடன் வாங்க வேண்டும். ஆட்டத்தை நடத்தும் தாதா ஹாரி கடன் கொடுக்க முன்வருவது சும்மா இல்லை. எடியின் அப்பா (பாடகர் ஸ்டிங்) நடத்தும் பார் மேல் அவனுக்கு ஒரு கண்.

சீட்டின் மதிப்பும் வேறு. போக்கரில் ஃப்ளஷ் (எல்லாம் ஒரே சின்னம்; நம் ஆட்கள் பாஷையில் கலர்) வரிசையை (அடுத்தடுத்த எண்கள்) வெல்லும். மூணு சீட்டில் வரிசைதான் பெரிது. 52 சீட்டிலிருந்து மூன்றை 22,100 விதமாக எடுக்கலாம். அதில் வரிசை 720, கலர் 1,096. குறைவாக வருவதற்கு மதிப்பு அதிகம். ஜோடிகூடச் சேராத கை 16,440. நாலு தடவையில் மூணு தடவை வெறுங்கைதான். அதனால் சின்ன ஜோடியை வைத்துக்கொண்டு பந்தயத்தை ஏற்றுவது பைத்தியக்காரத்தனம் ஆகாது. எதிராளிக்கு நம் சீட்டு தெரியாத வரைக்கும்! ஹாரிக்கோ எடியின் சீட்டு என்னவென்று மறைவாகச் சைகை வந்துகொண்டே இருக்கிறது.

நம் ஆட்டத்தோடு ஒரு வித்தியாசம் உண்டு: இங்கே மூன்று ஏஸ் உச்சம், பிராக்கில் மூன்று ‘3’.

படத்தின் பெயரைப் ‘பூட்டு, சரக்கு’ என்று பெயர்த்திருந்ததற்கும் ஒரு வார்த்தை. லாக் என்பது துப்பாக்கியின் சுடும் விசை, ஸ்டாக் மரக்கட்டை, பேரல் குழல். மூன்றும் சேர்ந்தால் முழுத் துப்பாக்கி. அதனால்தான் ஆங்கிலப் பேச்சில் ‘லாக், ஸ்டாக் அண்ட் பேரல்’ என்றால் ‘ஒன்று விடாமல்’ என்று அர்த்தம். படத்தில் ஆளாளுக்குத் துரத்துவதும் இரண்டு பழங்காலத் துப்பாக்கிகளைத்தான்.

ஒரு வாசகர்,
திருச்சி